ஓடம் ஏறும் வண்டி

என் மச்சினன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பி வந்து, கிளியூரில் எங்கள் வேலிக்கு அடுத்தாற்போல் ஒரு சின்னக் காப்பித் தோட்டம் வாங்கினான். பெட்டி பிரித்த மறுநாள், திண்ணையில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான்: “மாமா, போட் இழுக்கறதுக்கு இங்க எந்த வண்டி நல்லா இருக்கும்?”

நான் ஓய்வு பெற்ற வாத்தியார். எந்தக் கேள்வி வந்தாலும் ‘நல்ல கேள்வி’ என்று சொல்லி யோசிக்க அவகாசம் வாங்கிக்கொள்வேன். இதற்கு அதுகூட வாயில் வரவில்லை.

கேட்ட இடத்தை யோசித்துப் பாருங்கள். சேர்வராயன் மலை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். எங்களுக்குக் கிட்டத்துக் கடல் என்றால் கடலூர். மலை இறங்கி, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், நெய்வேலி என்று ஒவ்வொரு ஊராக டீ குடித்துக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் என்று இங்கே பெயர் சொல்ல இருப்பது ஏற்காடு ஏரி. அதில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் கிடைக்கும். மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டியும் உண்டு. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கள் பக்கம் வந்து, கிளியூர் அருவியாகச் சுமார் 300 அடி விழுகிறது.

அடுத்த தோட்டத்துப் பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “மேல ஏத்தறதுக்குத்தான் வண்டி வேணும் வாத்தியாரே. இறக்கறதுக்கு ஐப்பசி மழையில ஏரியில அவுத்து உட்டாப் போதும், அருவி வழியா அதுவே வந்துரும்” என்றார்.

மச்சினனின் திட்டம் அவன் அளவில் தெளிவாகத்தான் இருந்தது. அவன் வாங்கிய தோட்டத்தில், காப்பிக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிற குட்டை ஒன்று இருக்கிறது. வார நாட்களில் படகு அதில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை வண்டியில் மாட்டி, மலை இறக்கி, மேட்டூருக்கு இழுத்துப் போவான். 1934இல் கட்டி முடித்த அணையின் பின்னால் அத்தனை பெரிய நீர்த்தேக்கம் சும்மா கிடக்கிறதே என்பது அவன் கவலை. பெர்த்தில் சனிக்கிழமை காலையில் பாதிப் பேர் வண்டிக்குப் பின்னால் படகு மாட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார்களாம். கார் வாங்கப் போனால் முதல் கேள்வியே ‘எவ்வளவு இழுக்கும்?’ என்பதாம். நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்பது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு மேல் ஒரு வண்டியிடம் நாம் எதையும் எதிர்பார்த்ததில்லை.

“எல்லாம் சரி. போட் எங்கடா?” என்றாள் என் மனைவி.

“அது வந்துரும்க்கா. எந்த வண்டின்னு முடிவானாத்தானே எவ்வளவு பெரிய போட் வாங்கலாம்னு தெரியும்?”

“பொண்ணே பாக்கல, அதுக்குள்ள சத்திரம் புடிக்கிறான்” என்று சொல்லிவிட்டு அவள் மிளகு காயப்போடப் போய்விட்டாள்.

அவன் அசரவில்லை. பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தான். எனக்குப் பாடம் நடத்தித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தப் பாடம் சுவாரசியமாக இருந்தது. படகின் எடை மட்டும் கணக்கல்ல. படகு, மோட்டார், பெட்ரோல், ட்ரெய்லர், உள்ளே போட்டிருக்கும் சாமான் எல்லாம் சேர்ந்த எடைதான் இழுக்கும் எடை. ஆஸ்திரேலியாவில் அது 750 கிலோவுக்குள் இருந்தால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டியதில்லை. தாண்டினால் பிரேக் கட்டாயம். அந்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ட்ரெய்லரின் மூக்கில், அதாவது வண்டியின் கொக்கிமேல் உட்கார வேண்டும். மூக்கு லேசாகிப் பாரம் பின்னால் போய்விட்டால், வேகம் பிடித்தவுடன் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். அப்போது பதறி பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடும். மூக்கில் பாரம் அதிகமானாலோ இழுக்கிற வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து, ஹெட்லைட் நட்சத்திரம் பார்க்கும்.

“இழுக்கறது பெருசில்ல மாமா, நிறுத்தறதுதான் பெருசு” என்றான். இதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். தேர் இழுக்கிற ஊரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள்; சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் சில பேர்தான், தேர் அவர்கள் சொல்கிற இடத்தில்தான் நிற்கும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. சாமிக்கே பிரேக் தேவைப்படுகிறபோது, மச்சினன் எம்மாத்திரம்?

அடுத்து மலைப்பாதை. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்காரர்கள் தங்களுடையது 70 என்று சொல்லி எங்களைச் சின்னப்பிள்ளைகளாக்கிவிடுவார்கள். இருந்தாலும் பின்னால் ஒரு படகைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவனுக்கு 20 தாராளம். வளைவில் திரும்பும்போது முன்வண்டி போன தடத்தில் பின்வண்டி போகாது. உள்பக்கமாகக் குறுக்கு வழி பிடிக்கும். கொக்கியிலிருந்து ட்ரெய்லர் சக்கரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தக் குறுக்குப் புத்தி அதிகம். அதனால் வளைவில் வண்டியை வெளிப்பக்கமாக அகட்டிப் பிடித்துத் திருப்ப வேண்டும். எங்கள் வளைவுகளில் வெளிப்பக்கம் என்பது மேலிருந்து இறங்குகிற அரசுப் பேருந்துக்குச் சொந்தம். அந்த ஓட்டுநர்கள் ஆரன் அடித்துக்கொண்டே முழு வளைவையும் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும், அத்தனை நீள வண்டிக்கு வேறு வழியில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி அல்ல, பொறியாளர்கள் சங்கம்) மலைப்பாதை வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. பேருந்தும் படகும் ஒரே நேரத்தில் அந்த 14 மீட்டரைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி என்று அது சொல்லவில்லை.

குரங்குகளையும் சொல்ல வேண்டும். மலைப்பாதைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, நிற்கிற காரிலெல்லாம் சோதனை போடுகிற கூட்டம் அது. மூடியில்லாத படகு ஒன்று நடக்கிற வேகத்தில் வளைவு திரும்பினால் அவை விடுமா? மேலே போய்ச் சேரும்போது படகில் ஒரு குடும்பம் குடியிருக்கும். ஏரிக்கரையில் இறக்கிவிட்டால் அவையும் டிக்கெட் இல்லாமல் ஒரு சுற்று கேட்கும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது ரிவர்ஸ். ட்ரெய்லரோடு பின்னால் வரும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகும். தனியாக, அமைதியான ஒரு மைதானத்தில் பழகினால் எவருக்கும் வந்துவிடும் என்று மச்சினன் சொன்னான். அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் ஒரு வண்டி பின்னால் வர ஆரம்பித்தால் அமைதி இருக்காது. எங்கிருந்தோ நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் காரின் பின்பக்கத்தைத் தட்டி ‘வரலாம், வரலாம், வா, வா’ என்பார். இன்னொருவர் ‘லெஃப்ட்ல ஒடி, ஃபுல்லா ஒடி’ என்பார். எதிர்க்கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் டம்ளரைக் கீழே வைக்காமலே ‘ரைட்டு, ரைட்டு’ என்பார். இவர்களில் யாருக்கும் ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது தெரியாது. தெரிந்தாலும் சொல்வதை நிறுத்த மாட்டார்கள். கடைசியில் ஒரு ‘டங்’ சத்தம் கேட்கும். உடனே எல்லோரும் ஒரே குரலில், அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்வார்கள்: ‘ஸ்டாப்!’

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். மோட்டார் கிடையாது, ஆனாலும் மோட்டார் வாகனம். அதற்குத் தனியாகப் பதிவு, தனியாக நம்பர். வீட்டிலேயே நாலு ஆங்கிளை வெல்டிங் பண்ணி, பழைய கார் சக்கரம் இரண்டைப் பொருத்தி, கிளம்பிவிட முடியாது. நாமக்கல்லில் சொன்னால் செய்து தருவார்கள். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அங்கே ஒரு பட்டறையில் மச்சினன் காலண்டர் தாளைக் காட்டியபோது, மேஸ்திரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை டன் தாங்கணும்?” என்று கேட்டாராம். “முக்கால் டன்.” “கிண்டலா?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எரிவாயு டேங்கர் கட்டுகிற கைக்கு இது பொம்மை வேலை.

பிறகு வண்டி தேடும் படலம்.

முதலில் என் மாருதி 800. 796 சிசி, 37 குதிரை. அது ஏற்காடு ஏறுவதற்கே ஏசியை அணைக்க வேண்டும். அதில் நானும் மனைவியும் ஒரு பலாப்பழமும் போனால், பலாப்பழத்தை இறக்கிவிடலாமா என்கிற யோசனை பத்தாவது வளைவில் வந்துவிடும். மச்சினன் அதைச் சுற்றிவந்து பார்த்தான். மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, பெரியவர் வீட்டுப் பழைய ஜீப். எஸ்டேட் பக்கங்களில் இன்னும் இந்த ரகம் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கியையும் ட்ரெய்லரையும் இழுத்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். 1947இலிருந்து மஹிந்திரா இங்கே பூட்டித் தந்தது. போரில் ஓடிய மூலவருக்கு 60 குதிரை. காகிதத்தில் பார்த்தால் சாதாரணம். ஆனால் மலையேற்றத்துக்கும் இழுவைக்கும் குதிரைக் கணக்கைவிட, குறைந்த சுற்றில் எவ்வளவு முறுக்கு கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். நாலு சக்கரமும் இழுத்தால் ஈரத் தரையிலும் பிடி கிடைக்கும். படகுத்துறைச் சரிவில் பின்சக்கரம் பாசியில் நிற்கும்போது அந்தப் பிடிக்கு விலையே இல்லை. ஜீப் எல்லா விதத்திலும் பொருத்தம். ஒரே குறை, பெரியவரைத் தவிர வேறு யார் ஓட்டினாலும் அது நின்றுவிடும். பெரியவர் ஓட்டினால் அது நிற்கவே நிற்காது.

டிராக்டர்? தமிழ்நாட்டில் படகை உள்ளபடியே இழுக்கிற வண்டி ஒன்று உண்டென்றால் அது டிராக்டர்தான். கடற்கரைக் குப்பங்களில் கரையேறிய ஃபைபர் படகை மணலில் இழுத்து மேட்டில் ஏற்றுவது அதன் வேலை. பெரிய பின்சக்கரம், மெதுவான பலம், கொக்கி பிறக்கும்போதே கூட வந்தது. ஆனால் அதெல்லாம் தண்ணீரிலிருந்து நூறு அடி தூரத்துக் கணக்கு. கடலூரில் கிளம்பிய டிராக்டர் கிளியூர் வந்து சேர்வதற்குள் அடுத்த போகம் வந்துவிடும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வைத்திருக்கிற என் பழைய மாணவன் ஒருவன், “சார், நம்ம கம்ப்ரசர் லாரி பின்னால கட்டிக்கலாம்” என்றான். அன்பான பிள்ளை. போர் போடுகிற லாரியில் போட் கட்டி வந்தால், இங்கே தண்ணீர் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டேன்.

புது வண்டியே வாங்கிவிடலாம் என்று மச்சினன் சேலத்தில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப் போனான். டை கட்டிய தம்பி ஒருவர் மிகவும் மரியாதையாக வரவேற்றார். “இது எவ்வளவு இழுக்கும்?” என்று மச்சினன் கேட்டான். “சார், இதுல சன்ரூஃப் இருக்குங்க” என்றார். “அதில்லை தம்பி, ட்ரெய்லர் மாட்டினா எத்தனை கிலோ?” “வாய்ஸ் கமாண்டும் இருக்குங்க சார்.” வண்டியின் கையேட்டை வாங்கிப் பார்த்தோம். இழுவை என்று ஒரு பகுதி இருக்கத்தான் செய்தது. வண்டி வழியில் நின்றுபோனால் அதை எப்படிக் கட்டி இழுத்துப் போக வேண்டும் என்று படத்தோடு விளக்கியிருந்தார்கள். நம் ஊரில் விற்கிற பல கார்களின் கையேட்டில் இந்தப் பகுதிக்கு அவ்வளவுதான் பொருள். உங்கள் வண்டி இன்னொன்றை இழுக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்னொன்று உங்களை இழுக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் முன்யோசனையாக நினைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் நான் வரலாற்றுக்குள் போனேன். மலைக்குப் படகு போனதே இல்லையா? போயிருக்கிறது. கொடைக்கானலில் ஓடைகளை மறித்து 1863இல் ஏரி உண்டாக்கியவர் மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச். அந்த ஏரிக்கு முதல் படகை அவர் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு அதன் பிறகு அரை நூற்றாண்டு இருந்தது. அப்படியானால் இழுத்த வண்டி எது? சமவெளி வரைக்கும் மாடு, அடிவாரத்துக்கு மேல் மனிதத் தோள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. துரைக்குப் படகில் போக ஆசை. தோள் வலித்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எங்கள் சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார். செடியோடு நிறுத்திக்கொண்டதற்கு அந்தக் காலத்து மலைவாசிகள் அவருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பெரு நாட்டில் 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிற டிட்டிகாகா ஏரிக்காக இங்கிலாந்தில் ‘யவாரி’ என்று ஒரு இரும்புக் கப்பல் கட்டினார்கள். கட்டியதைக் கழற்றி ஆயிரக்கணக்கான துண்டுகளாக 1862இல் கப்பலேற்றி அனுப்பி, ஆண்டிஸ் மலையில் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றினார்கள். கப்பல் மறுபடி கப்பலாகித் தண்ணீரில் இறங்கும்போது 1870 ஆகிவிட்டது. 1453இல் துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத், கான்ஸ்டான்டினோபிளைப் பிடிக்கத் தன் கப்பல்களைக் கொழுப்புத் தடவிய மரங்களின்மேல் உருட்டி ஒரு மேட்டையே தாண்டவைத்தார். மச்சினனுக்கு இதைச் சொன்னதும் அவன் கண் மின்னியது. “கொழுப்புக்கெல்லாம் குறைவில்லை” என்று உள்ளிருந்து அவன் அக்காவின் குரல் வந்தது.

வள்ளுவரும் இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லியிருக்கிறார். 496ஆம் குறளில், பெரிய தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்று முடித்துவிட்டார். அதிகாரம் இடனறிதல். மச்சினன், “அவர் ட்ரெய்லர் பாத்ததில்ல மாமா” என்றான். அப்படித் தள்ளிவிட முடியாது. ஓடம் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டி ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்கிற பழமொழி நமக்கு இருக்கிறது. அந்தக் காலத்திலேயே படகை வண்டிமேல் ஏற்றத்தான் நினைத்தார்கள். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்க யாரும் சொல்லவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் முங்கியபோது கொல்லம், திருவனந்தபுரம் கரை மீனவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போய், ஊர் ஊராக ஜனங்களை மீட்டார்கள். ட்ரெய்லர் செய்யவில்லை, கொக்கி தேடவில்லை, மூக்குப் பாரம் கணக்குப் போடவில்லை. லாரி, கயிறு, தூக்குவதற்கு ஆள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும் படகுகள் தெருவுக்கு வந்தது லாரி முதுகில்தான். அவசரத்தில் ஒரு ஜனம் எதைக் கையில் எடுக்கிறதோ அதுதான் அதன் உண்மையான அறிவு என்று நான் நம்புகிறேன்.

எனக்கு விஷயம் அங்கே முடிந்துவிட்டது. மச்சினனுக்கு முடிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஏற்றுவதென்றால் எதில் ஏற்றுவது? குட்டி யானை என்றார்கள். 2005இல் டாடா கொண்டுவந்த ஏஸ் வண்டிக்குத் தமிழ்நாடு சூட்டிய பெயர் அது. இரண்டே சிலிண்டர், 16 குதிரை, முதுகில் முக்கால் டன். கல்யாண வீட்டுப் பாத்திரம், கட்சிக் கொடி, வீடு மாற்றுகிறவன் கட்டில் எல்லாம் அதில்தான் போகிறது. ஆனால் தொட்டி ஏழடிதான். மச்சினன் கடைசியில் கடலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் அட்வான்ஸ் கொடுத்திருந்த ஃபைபர் படகு 12 அடி. ஐந்தடி பின்னால் நீட்டிக்கொண்டு, முனையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வரலாம் என்று நினைப்பீர்கள். நீட்டிக்கொண்டு போகிற கம்பியில் மோதிப் பல பேர் செத்ததால், முன்னே இருந்த ஒரு மீட்டர் சலுகையையும் 2014இல் மத்திய அரசு எடுத்துவிட்டது. பொலேரோ பிக்கப்புக்கும் அதே கதை; தொட்டி போதவில்லை. 14 அடி தொட்டியுள்ள ஈச்சர்தான் சரி. ஆக, இத்தனை மாதம் குதிரை எத்தனை, முறுக்கு எவ்வளவு என்று பேசியதெல்லாம் போக, கடைசியில் வண்டியை முடிவு செய்தது ஒரு தையல்கடை டேப்.

சேலம் செவ்வாய்பேட்டையில் லாரி புக்கிங் செய்கிற ஒருவரைப் பிடித்தேன். அவர் படகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நீளம் சொல்லுங்க, வெயிட் சொல்லுங்க, எங்க இறக்கணும் சொல்லுங்க.” ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி மூட்டையைக் கடலூரில் இறக்கிவிட்டு எம்டியாகத் திரும்புகிற வண்டி ஒன்று இருந்தது. அடுத்து அது ஏற்காட்டில் சில்வர் ஓக் மரம் ஏற்ற மேலே போக வேண்டும். எப்படியும் காலியாகத்தான் வரும். ரிட்டர்ன் வாடகைக்கு முடிந்தது. மச்சினன் ட்ரெய்லருக்கு என்று ஒதுக்கியிருந்த பணத்தில் இப்படி வாழ்நாள் முழுக்கப் படகை ஏற்றி இறக்கலாம்.

ஓட்டுநர் சங்ககிரிக்காரர். காலண்டர் தாளை அவரிடமும் மச்சினன் காட்டினான். பொறுமையாகப் பார்த்தார். “எதுக்குங்க இவ்வளவு? நாலு பேர் தூக்கினா வண்டிக்குள்ள வந்துரும்ங்களே” என்றார். உண்மைதான். மோட்டார் இல்லாத அந்தப் படகு 120 கிலோ. முக்கால் டன் கணக்கெல்லாம், அவன் பெர்த்தில் வைத்திருந்த படகின் நினைவில் போட்டது.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.

“என்ன லோடு?”

“போட்டுங்க.”

“எங்க போகுது?”

“ஏற்காடுங்க.”

“கீழ இறங்கு. ஊது.”

ஊதிக் காட்டிவிட்டு வந்தார். நாங்கள் அதுவரை உருகி உருகிப் பேசிய 20 வளைவு என்னாயிற்று என்று கேட்பீர்கள். கிழக்கேயிருந்து வருகிறவர் எதற்குச் சேலம் ஊருக்குள் போய்ச் சுற்ற வேண்டும்? அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏறிவிட்டார். ரோடு குறுகல்தான், ஆனால் கொண்டை ஊசிகளின் தொல்லை குறைவு. கோடை விழாச் சமயத்தில் அந்த வழி இறங்குகிற வண்டிகளுக்கு ஒருவழிப் பாதையாகிவிடும். மற்ற நாட்களில் தெரிந்தவர்கள் அப்படித்தான் வருவார்கள். குரங்குகள் ஏமாந்தன.

படகு இறங்கிய அன்று கிளியூரே வேலிக்கு வெளியே நின்றது. ஐலசா போடுவதற்கு மட்டும் நிறையப் பேர் இருந்தார்கள். குட்டையில் இறக்கினோம். மச்சினன் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டான். நாலு வலி வலித்தால் எதிர்க்கரை வந்துவிடுகிறது. திருப்புவதற்குப் படகைவிடக் குட்டை கொஞ்சம்தான் பெரியது. “ரிவர்ஸ்ல வாடா” என்றேன். கரையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ‘வரலாம், வரலாம்’ என்றார்கள்.

மேட்டூர்ப் பயணம் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. நடுவே பரிசல் ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறான். ஒகேனக்கல் பரிசலை ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவார். வண்டிப் பிரச்சினையே இல்லை. ஆனால் அப்படிப் போகிறவரிடம் ‘இது எவ்வளவு இழுக்கும்?’ என்று கேட்க முடியாதே என்று அவனுக்கு வருத்தம்.

மலைக்குப் படகு கொண்டுவர நினைக்கிற வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கொக்கி வாங்காதீர்கள். வண்டியும் வாங்காதீர்கள். படகை அளந்துகொண்டு, அந்தப் பக்கம் காலியாகப் போகிற 14 அடி வண்டியைப் பிடியுங்கள். நல்ல கயிறு மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இரவல் வாங்கினால் திரும்பக் கேட்பார்கள். இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

படகே வேண்டாம், சும்மா குளிருக்கு ஏற்காடு வருகிறோம் என்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மலைப்பாதையில் இரண்டு வண்டிக்கு இடம் போதாத இடத்தில், இறங்குகிறவர்தான் நின்று ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, போக்குவரத்து விதியிலேயே எழுதியிருக்கிறது. எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு வருவது காய்கறி வேனோ, பள்ளிக்கூட பஸ்ஸோ, படகு ஏற்றிய ஈச்சரோ, தயவுசெய்து ஓரங்கட்டி நில்லுங்கள். என் மாருதி 800ஆக இருந்தால், ஒருதரம் நின்றால் அது மறுபடி கிளம்பாது.